உமி நிரப்பிய சூரிய அடுப்பு

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் செய்யும் சூரிய அடுப்புகளில் பல, அரிசியை வெந்நீரில் ஊறவைப்பதோடு நின்றுவிடுகின்றன. இதற்கு வெயில் குறைவு காரணமல்ல. பெட்டிக்குள் பிடித்த வெப்பம் சுவர் வழியே வெளியேறிவிடுகிறது. அதைத் தடுக்க அரைவை ஆலையில் கிடைக்கும் நெல் உமியே போதும்.

கண்ணாடி மூடிய பெட்டியில் வெயிலின் வெப்பத்தைத் தேக்கலாம் என்பதை ஜெனீவா நகர அறிஞர் சொசூர் 1767-ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார். நம் அடுப்பும் அதே முறையில்தான் வேலை செய்கிறது.

ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் நாற்புறமும் 5 செ.மீ. இடைவெளி விடும்படி இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளவும். உட்பெட்டி உயரத்திலும் 5 செ.மீ. குறைவாக இருக்கட்டும். அடியிலும் பக்கங்களிலும் காய்ந்த உமியை நிரப்பி, இடைவெளியின் வாயை அட்டைத் துண்டுகளால் ஒட்டி மூடவேண்டும். உமியை இடித்துத் திணிக்கக்கூடாது. அதனிடையே தங்கும் காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது. ஈர உமியால் பயனில்லை.

உட்சுவர்களில் அலுமினியத் தாளை ஒட்டி, அடியில் கரும்பலகைப் பூச்சு பூசிய தகரத்தைப் போடவும். மேலே 3 மி.மீ. கண்ணாடி. அதன் விளிம்பில் பழைய துணிப்பட்டை ஒட்டினால் சூடான காற்று கசியாது, பிள்ளைகளின் கையும் கிழியாது. அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையை ஒரு பக்கத்தில் கீல்போல் பொருத்தி, வெயில் பெட்டிக்குள் விழும்படி குச்சியால் முட்டுக்கொடுக்கவும். பூச்சு வாடை போக, ஒரு நாள் வெறும் பெட்டியை வெயிலில் காயவிடவேண்டும்.

சோதனைக்கு, உமி உள்ளதும் இல்லாததுமாக இரண்டு பெட்டிகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மெழுகுவர்த்தித் துண்டைக் கிண்ணத்தில் வைத்து, உருகும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை உள்ளே வைக்கவேண்டாம். 42 டிகிரிக்கு மேல் தாங்காமல் உடைந்துவிடும்.

சமைப்பதற்கு, வெளிப்புறம் கறுப்படித்த மூடியுள்ள மெல்லிய அலுமினியப் பாத்திரமே ஏற்றது. பங்குனி, சித்திரை வெயிலில் காலை 10 மணிக்கு வைத்தால் கால் கிலோ பச்சரிசி சுமார் இரண்டு மணி நேரத்தில் வேகும். அரை மணிக்கு ஒருமுறை பெட்டியைச் சூரியன் பக்கம் திருப்பவேண்டும். வீட்டில் ஆளில்லை என்றால் உச்சி வெயிலுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு வயலுக்குப் போகலாம். வேக நேரம் கூடும், சோறு அடிப்பிடிக்காது. தாளிப்பதற்கும் தோசைக்கும் இது உதவாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடலாம்.

நடுவில் மேகம் மூடினால், பாதி வெந்த சோற்றையோ பருப்பையோ வெதுவெதுப்பாக மாலைவரை விட்டுவைக்கக்கூடாது, கெட்டுவிடும். உடனே விறகடுப்பிலோ எரிவாயு அடுப்பிலோ ஏற்றிக் கொதிக்கவைத்து இறக்கவேண்டும்.