வன்தட்டின் நோயறிதல்

வத்தேகமவில் வதியும் நம் பழைய மாணவர் ஒருவர், விழா மலருக்கெனத் திரட்டிய பழம் படங்களையும் வகுப்புப் பதிவுகளையும் தம் இல்லத்துக் கணினி ஒன்றிலேயே சேர்த்து வைத்திருந்தார். அக்கணினி சில வாரங்களாகத் தளர்ந்து இயங்குவதாகவும், ஒரு படத்தைத் திறக்க முயன்றால் நெடுநேரம் அசையாது நின்று பின்னரே திறப்பதாகவும், இடையிடையே 'டக், டக்' என்றோர் ஒலி எழுவதாகவும் எமக்குத் தெரிவித்தார். விண்டோஸைப் புதிதாக நிறுவினால் யாவும் சீர்ப்படும் என்று பழுது பார்ப்பவர் ஒருவர் கூறினாராம். அவ்வாறு செய்யலாமா என்பதே அன்பரின் வினா. செய்யலாகாது என்று அன்றே விடையிறுத்தோம். அதன் காரணத்தை மாணாக்கரும் ஏனையோரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சிறிது விரித்து எழுதுகின்றோம்.

வன்தட்டு என்பது மூடப்பட்ட ஒரு சிறு பேழை. அதனுள்ளே காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேலே சில நானோமீற்றர் இடைவெளியில் வாசிப்புத் தலை மிதந்து செல்கின்றது. நம் தலைமயிரின் தடிப்போ பல்லாயிரம் நானோமீற்றர் ஆகும். 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துக்களையே தாங்கியது. இன்று சட்டைப்பையில் அடங்கும் தட்டு அதனினும் இலட்சக்கணக்கான மடங்கு தாங்குகின்றது. இத்துணை நெருக்கத்தில் எழுதப்பட்டவற்றின் மீது தலை ஒருமுறை உராய்ந்தால் விளையும் சேதம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும், கணினியின் தளர்ச்சி யாவும் தட்டின் நோயன்று. தூசி அடைந்த விசிறியும் இரைச்சலிடும். வெப்பம் மிகுந்தாலும், நச்சுநிரல் புகுந்தாலும் வேகம் குன்றும். மலைநாட்டில் வாழும் நமக்கு மின்தடையும் இடிமின்னலும் புதியனவல்ல. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். எழுதிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால் கோப்புகளின் ஒழுங்கு குலையும். அப்போது தட்டு நலமாகவே இருத்தல் கூடும். ஆனால் ஒரே சீரான 'டக், டக்' ஒலி வேறு வகையினது. தலை தன் இடத்தைக் காணாது மீண்டும் மீண்டும் திரும்பி வருவதையே அது பெரும்பாலும் குறிக்கும். அவ்வொலி இடைவிடாது கேட்குமாயின் கணினியை உடனே நிறுத்துக. மறுபடி மறுபடி இயக்கிப் பார்த்தல், புண்ணைக் கிளறுதலை ஒக்கும்.

தட்டு இன்னும் இயங்குமாயின், அதுவே தன் நிலையை உரைக்கும். 'ஸ்மார்ட்' எனப்படும் தன்னறிக்கை ஒவ்வொரு வன்தட்டிலும் உண்டு. 'கிறிஸ்டல் டிஸ்க் இன்போ' என்னும் இலவச மென்பொருளால் அதனைப் படிக்கலாம். அங்குள்ள பல வரிகளுள் 5, 197, 198 ஆகிய எண்களுக்குரியவையே முதலிற் காணத்தக்கவை. பழுதுற்று விலக்கப்பட்டு, வேறிடம் கொடுக்கப்பட்ட கூறுகளை 5 காட்டும். வாசிக்க இயலாது ஐயத்தில் நிற்பவற்றை 197 காட்டும். முற்றாகத் திருத்த முடியாதவற்றை 198 காட்டும். 199 ஆம் வரியின் எண் மட்டும் ஏறுமாயின் தட்டைப் பழியாதீர். தரவு செல்லும் வடத்தையே முதலில் மாற்றிப் பார்க்கவும். சில நூறு ரூபா வடத்துக்காக நல்ல தட்டை எறிந்தோர் பலர். இன்னுமொன்று: அம்மென்பொருள் எண்களை வழக்கமாகப் பதினாறின் அடியிலேயே தருகின்றது. அங்கே 10 என்று கண்டால் அது 16 ஆகும். நம் கணித ஆசிரியர்கள் கற்பித்தது இவ்வாறும் பயன்படுகின்றது.

அன்பரின் தட்டில் 197 ஆம் வரி பூச்சியமாக இல்லை. மறுநாள் பார்க்க, மேலும் ஏறியிருந்தது. இந்நிலையில் விண்டோஸை மீள நிறுவுவது, சாயும் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. அன்றியும், நிறுவும்போது எழுதப்படுவன பழைய படங்களின் மேலேயே விழவுங் கூடும். 'செக்டிஸ்க்' கொண்டு பழுது திருத்த முற்படுவதும், தட்டு முழுவதையும் மணிக்கணக்கில் வாசிக்கும் நெடுஞ்சோதனையும் பின்னரே செய்யத்தக்கவை. முதலில், வேறெங்கும் இல்லாதவற்றை வேறொரு தட்டுக்குப் படியெடுக்க வேண்டும். பாட்டையும் திரைப்படத்தையும் பின்னர்த் தேடிக்கொள்ளலாம். காலமான ஆசிரியர் ஒருவரின் படத்தை எங்கே தேடுவது? ஆதலால், பென் டிரைவிலிருந்து லினக்ஸ் முறைமையை இயக்கி, 'டிடிரெஸ்கியூ' என்னும் கருவியைப் பயன்படுத்தச் சொன்னோம். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, இடர்ப்பாடுள்ள இடங்களுக்குப் பின்னர் மீளும். எது மூலத்தட்டு, எது புதுத்தட்டு என்பதை மும்முறை பார்த்த பின்னரே கட்டளையிட வேண்டும். மாறினால் வெறுமை எஞ்சும். ஓரிரவும் ஒரு பகலும் சென்றன. மூன்று படங்கள் நீங்கலாக யாவும் மீண்டன. அம்மூன்றனுள் ஒன்று பழைய உதைபந்தாட்டக் குழுவினது. அதன் மூலப்படம் எவரிடமேனும் இருப்பின் மலர்க்குழுவுக்கு அறிவிக்க வேண்டுகின்றோம்.

பேழையைத் திறந்து பார்ப்பதும், குளிர்ப்பெட்டியில் வைத்தெடுப்பதும் வேண்டா. நம் ஊரின் ஈரக்காற்றில், குளிர்ந்த தட்டின்மேல் நீர் படியும்.

அறிக்கை நன்றாயிருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை என்று கொள்வதும் தவறு. கூகுள் நிறுவனத்தார் இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட கட்டுரையில், முதற் பரிசோதனைப் பிழை தோன்றிய தட்டுகள் அடுத்த 60 நாட்களுள் பழுதாகும் வாய்ப்பு ஏனையவற்றினும் 39 மடங்கு எனக் கண்டனர். அதே ஆய்வில், பழுதான தட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு குறிகளுள் ஒன்றையும் காட்டாமலே பழுதாயின. ஆகவே நோயறிதல் ஒருபுறமிருக்க, ஒரு படி வீட்டிலும் மற்றொன்று வேறோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறு படியில்லாத ஏடுகள் அன்றோடு அழிந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் இன்று பழைய ஈழத்து மலர்கள் பலவற்றை எவரும் படிக்கலாம்.

இனி, புதிய கணினிகளில் உள்ள திண்மநிலைத் தட்டில் சுழல்வன யாதும் இல்லை. ஆகையால் ஒலியும் எழாது. அது எழுத மறுத்து வாசிக்க மட்டும் இடந்தரலாம். அன்றி ஒரு காலை முற்றாகவே கண்ணுக்குப் புலனாகாது போகலாம். மின்னின்றி ஆண்டுக்கணக்கில் அலுமாரியிற் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டமும் மெல்லக் கசியும். நெடுநாட் சேமிப்புக்கு அதனை மட்டும் நம்புதல் தகாது.