தராசை விடு, அளவு நாடாவை எடு

தங்கச்சி, நிறையைக் குறை என்று சொன்னால் உடனே வருகிற மறுமொழி எனக்குத் தெரியும்: "ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில என்னை விட ரெண்டு மடங்கு உடம்போட எத்தனை வெள்ளைக்காரர் போகினம். அவையளுக்கு ஒண்டும் இல்லையே!" அவர்களுடைய கணக்கு நமக்குப் பொருந்தாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜோன் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தெற்காசியரான நமக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள்ளேயும் ஈரலிலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கொழுப்புத்தான் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. பிறகு சீனி வருத்தம், பிரஷர், மாரடைப்பு என்று வரிசையாக வரும். இரவில் மூச்சு விட்டு விட்டு வருகிற பெருங்குறட்டையையும் களைப்பு என்று தள்ளிவிடாதே, அதுவும் இந்தக் கூட்டத்தில் ஒன்றாக இருக்கலாம்.

இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு இதனால்தான் நமக்கு வேறு எல்லை வைத்திருக்கிறது. வெள்ளைக்காரருக்கு 25இல் தொடங்கும் கூடுதல் நிறை நமக்கு 23இலேயே தொடங்குகிறது. அவர்களுக்கு 30 என்றால் உடற்பருமன், நமக்கு 27.5. உன்னைப் போல 5 அடி 2 அங்குல உயரமுள்ள பெண் 57 கிலோவைத் தாண்டும்போதே கவனிக்க வேண்டும். 68ஐத் தாண்டினால் உடற்பருமன். அதே உயரமுள்ள வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 74 கிலோ.

தராசை விட எனக்குத் தையல்காரரின் அளவு நாடாவில்தான் நம்பிக்கை அதிகம். சட்டையைத் தூக்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்று. வயிற்றை எக்காதே. மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு அளவைப் பார். அது உன் உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். உனக்கு என்றால் 31 அங்குலத்துக்குக் கீழே. மாதம் ஒருமுறை அளந்து நாட்காட்டியில் எழுதி வை. ஒவ்வொரு நாளும் தராசில் ஏறி மனதை நோகடிக்காதே, தண்ணீராலும் மாதவிலக்காலும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும்.

அடுத்தது அடுப்படி. சோற்றை அடியோடு விடச் சொல்லமாட்டேன், அப்படி விட்டவர்கள் சில வாரத்தில் இரண்டு மடங்காகச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். தட்டில் போடும் ஒழுங்கை மாற்று. முதலில் மரக்கறியும் கீரையும் பாதித் தட்டுக்கு. அடுத்து மீனோ கோழியோ கடலையோ கால் பங்கு. மிச்ச இடத்தில்தான் சோறு. டூட்டிங் தமிழ்க் கடைகளில் வல்லாரையும் முருங்கையிலையும் பொன்னாங்காணியும் கிடைக்கின்றன, வாங்கிச் சம்பலும் சுண்டலுமாக வை. உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் மரக்கறிக் கணக்கில் சேர்க்காதே, அவை சோற்றுப் பங்கு. புட்டுக்குத் தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டுவிட்டு, மேலே பால் விட்ட சொதியும் வேண்டாம். இரண்டில் ஒன்றைக் குறை.

எண்ணெய்ப் போத்தலைச் சட்டிக்கு மேல் சரிப்பதை நிறுத்து. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. கை சும்மா சரித்தால் மூன்று கரண்டி விழுவது தெரியாது. போத்தலுக்குப் பக்கத்திலேயே கரண்டியைத் தொங்கவிடு.

தேத்தண்ணியையும் எண்ணிப் பார். ஐந்து கோப்பை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 40 கிராம். ஒரு நாளைக்கு வளர்ந்தவர்களுக்கு 30 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது என்எச்எஸ். ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறை, நாக்கு பழகிவிடும்.

மண்டபத்துப் பிறந்தநாளுக்கும் சாமத்திய வீட்டுக்கும் பசியோடு போகாதே. போனதும் வருகிற ரோல்ஸ், பற்றிஸ் தட்டில் ஒன்றை எடு, ஆறுதலாகச் சாப்பிடு. "இன்னொண்டு எடு பிள்ளை" என்று மாமி வற்புறுத்தினால், கையில் ஒரு கிளாஸ் தண்ணீர் இருப்பது நல்லது.

நடைக்கு ஜிம் காசு தேவையில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். ஸ்ட்ரெதம் கொமனின் ஏற்றத்தில் ரூக்கரித் தோட்டம் வரை நடந்தால் அந்த வேகம் தானாக வரும். டூட்டிங்குக்குச் சாமான் வாங்கப் போகும்போது 57 பஸ்ஸை விட்டு நடந்து போ, திரும்பும்போது பையோடு பஸ்ஸில் வா. பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் இருக்கிற நேரத்தில் காருக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாமார் நாலு பேர் சேர்ந்தால் அதுவே ஒரு நடைக் கூட்டம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கும் வேலை கொடு. கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருந்தால் போதும் தொடங்குவதற்கு.

நிறை குறையவில்லையே என்று சோர்ந்து விடாதே. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 500க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. சாப்பாட்டையும் நடையையும் திருத்தியவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 வீதம் குறைந்தது, அதுவும் நிறை பெரிதாகக் குறையாமலே. நிறையும் 5 வீதம் குறைந்தால், அதாவது 70 கிலோவில் மூன்றரை கிலோ, இன்னும் நல்லது.

இப்போது நிறை குறைக்க எல்லோரும் கேட்கிற ஊசி. மவுஞ்சாரோவும் வெகோவியும் வேலை செய்கிற மருந்துகள்தான், தேவைப்படுகிறவர் போடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் என்எச்எஸ் அவற்றை மிகக் கூடிய நிறையோடு வேறு நோய்களும் உள்ளவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கிறது. சலூனிலோ வாட்ஸ்அப்பிலோ விற்கும் ஊசியை உயிர் போனாலும் வாங்காதே. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் மவுஞ்சாரோவை ஒரு மாதத்துக்கு முன்பும், வெகோவியை இரண்டு மாதத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். மவுஞ்சாரோ போடுகிறவர் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பவும் கூடாது. சீனிக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது, சீனி திடீரென்று இறங்கிவிடும்.

கடைசியாக, உன் ஜிபிக்குப் போன் எடு. 40 முதல் 74 வயது வரை, ஏற்கெனவே சீனி வருத்தம், இதய நோய் போன்றவை இல்லாதவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. சீனியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையில் 42 முதல் 47 வரை வந்தால் 'ஹெல்தியர் யூ' என்ற ஒன்பது மாத இலவசத் திட்டத்தில் சேர்த்துவிடும்படி கேள். சின்னவன் வயிற்றில் இருந்தபோது உனக்குச் சீனி ஏறியது அல்லவா? அப்படி ஏறியவர்கள் பிள்ளை பிறந்த பிறகும் வருடாவருடம் இந்த எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்ய வேண்டும். வயது 40 ஆகவில்லை என்று காத்திருக்காதே. அம்மாவைக் கூட்டிப் போனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதியும்போதே சொல், அதற்குக் காசில்லை. காலை 8 மணிக்கு அவசரக்காரர்கள் லைனில் நிற்பார்கள், நீ மத்தியானத்துக்குப் பிறகு எடு. நாடாவில் வந்த அளவையும் அம்மாவுக்குச் சீனி இருப்பதையும் முன்னாலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசு.