வீட்டிலேயே ஒலிப்பதிவு: டிரம்மர் இல்லாமல் டிரம்ஸ்



தைப்பூசம் நெருங்கினால் போதும், நம்ம பிள்ளைங்க சொந்தமாக முருகன் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பதிவு செய்து என்னிடம் கொண்டு வருவார்கள். குரல் நன்றாக இருக்கும். டிரம்ஸ் மட்டும் விளையாட்டுப் பொம்மை தட்டுவது மாதிரி கேட்கும். என்ன செய்வது? ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் டிரம்ஸ் செட்டை அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ஸ்டூடியோவுக்குப் போகக் காசும் இல்லை. கணினிதான் வழி.

அதைக் குறைவாக நினைக்காதீங்க. உண்மையான டிரம்ஸ் ஒலிகளைப் பதிந்து வைத்து ஒலித்த முதல் டிரம் மெஷின், ரோஜர் லின் 1980இல் வெளியிட்ட எல்எம்-1. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் சென்னையில் தம் வீட்டுப் பின்புறத்திலேயே ஸ்டூடியோ அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது.

பொம்மைச் சத்தம் ஏன் வருகிறது? ஒவ்வோர் அடியும் ஒரே பலத்தில், ஒரே அளவான இடைவெளியில் விழுவதால்தான். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உருமி மேளத்தைக் கவனித்துக் கேளுங்க. எந்த இரண்டு அடியும் அச்சடித்தது போல இருக்காது. அந்த உயிரை நாம் கையால் கொண்டு வரணும்.

1. பலம்: மென்பொருளில் ‘வெலாசிட்டி’ 1 முதல் 127 வரை இருக்கும். ஹை-ஹேட்டில் அழுத்தமான அடிக்கு 100, அடுத்ததற்கு 65 என்று மாற்றி மாற்றி வைங்க. ஸ்னேரின் முக்கிய அடிகளுக்கு நடுவே 30 அளவில் ஓரிரு மெல்லிய அடிகள் சேருங்க.

2. நேரம்: கிக்கை அப்படியே விட்டு, ஸ்னேரை மட்டும் 5 முதல் 10 மில்லிவினாடி பின்னுக்குத் தள்ளுங்க. பாட்டு நிதானமாக உட்காரும். ‘ஹியூமனைஸ்’ பொத்தானை மட்டும் நம்பாதீங்க. அது குத்துமதிப்பாகக் கலைக்கும். வாசிப்பவர் காரணத்தோடு மாற்றுவார்.

3. கைக்கணக்கு: டிரம்மருக்கு இரண்டே கை. டாமையும் கிராஷையும் ஒன்றாக அடிக்கும்போது ஹை-ஹேட்டைக் குச்சியால் அடிக்க மூன்றாவது கை ஏது? அந்த இடத்தில் ஹை-ஹேட்டை அழித்துவிடுங்க.

4. அறை: எல்லா டிரம்ஸ் ஒலிகளுக்கும் ஒரே சின்ன அறையின் ரிவெர்ப் கொஞ்சமாகக் கொடுங்க. அப்போதுதான் ஒரே இடத்தில் ஒருவர் வாசித்தது போல இருக்கும். கிக்குக்கு மட்டும் மிகக் குறைவாகப் போதும்.

5. ஓர் உண்மையான கை: ஜால்ராவையோ சலங்கையையோ நீங்களே வாசித்து, மைக்கில் பதிந்து மேலே சேருங்க. பாட்டு முழுக்க ஒருவர் கையால் வாசித்தது கேட்டாலே, கணினி டிரம்ஸும் உயிரோடு இருப்பது போலத் தோன்றும்.

ஒரு முக்கியமான விஷயம். பாட்டுக்கு உருமியோ தவிலோ வேண்டுமென்றால் கணினியில் தேடாதீங்க. உருமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த முனகல், வாசிப்பவர் கை அழுத்தத்துக்கு ஏற்ப மாறும். பதிந்து வைத்த நாலு ஒலித்துண்டுகளில் அது அடங்காது. நம் ஊரில் உருமி வாசிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை அழைங்க, முடிந்த சன்மானம் கொடுங்க, பாட்டோடு அவர்கள் பெயரையும் போடுங்க. ஆள் கிடைக்காத இடத்துக்குத்தான் கணினி. கிடைக்கும் ஆளை ஒதுக்குவதற்கு அல்ல.

இந்த வாரப் பயிற்சி: எட்டு பார் தாளம் ஒன்றை அமைத்து, ஐந்து படிகளையும் ஒவ்வொன்றாகச் செய்யுங்க. பிறகு ஒன்றும் சொல்லாமல் வீட்டில் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்க. அவர் கால் தானாகத் தாளம் போட்டால், நீங்கள் தேறிவிட்டீர்கள்.