நாலாயிரம் ரூபா இந்தியாவில் எவ்வளவு?

கரவனெல்லயைச் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களில் இந்தியாவில் உறவு இல்லாத லயம் அரிது. கோத்தகிரி, கூடலூர், திருச்சி என்று சிதறிப்போன அந்த உறவுகளின் பழைய கடிதங்களையும் வங்கிச் சீட்டுகளையும் சேமலாப நிதித் தாள்களையும் பல வீட்டாருக்குப் படித்துச் சொல்லி வருகிறேன். கடைசியில் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அந்தக் காசு அங்க எவ்வளவா மாறிச்சு தம்பி?"

இந்தக் கேள்விக்கு இன்றைய விகிதத்தை வைத்துப் பதில் சொல்லவே கூடாது. முதலில் தாளிலுள்ள தேதியைப் பாருங்கள். 1966 ஜூன் 6க்கு முந்தியது என்றால் கணக்கே தேவையில்லை, ஒன்றுக்கு ஒன்று. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நம் ரூபா இந்திய ரூபாவோடு கட்டப்பட்டிருந்தது. 1949இல் பவுணோடு சேர்ந்து இரண்டும் ஒன்றாகவே இறங்கின. 1950இல் மத்திய வங்கி வந்த பிறகும் பெறுமதி சமமாகவே இருந்தது. தாத்தா துறையூருக்கு அனுப்பிய முப்பது ரூபா அங்கேயும் முப்பதுதான். மூன்று நான்கு ரூபா கொடுத்து ஓர் இந்திய ரூபா வாங்கும் இந்தக் காலத்துக் கணக்கில் அதை ஒன்பது பத்தாகச் சுருக்கினால், அவர் அரை வயிறு உண்டு மிச்சம் பிடித்ததைச் சிறுமைப்படுத்துவதாகும்.

அந்த ஜூன் 6இல் இந்தியா தன் ரூபாவை டொலருக்கு 4.76இலிருந்து 7.50க்கு இறக்கியது. நமது 4.76இலேயே நின்றது. பழைய பட்டியலில் இரண்டு ரூபாக்களுக்கும் நேர் விகிதம் கிடைக்காதபோது, இப்படி இரண்டின் டொலர் விகிதத்தையும் எடுத்து ஒன்றை மற்றதால் வகுத்துக்கொள்ளலாம். 7.50ஐ 4.76ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.58. அதாவது, நம் நூறு ரூபாவுக்கு நூற்றைம்பத்தேழு இந்திய ரூபாவுக்கு மேல்! இளையவர்கள் இதை நம்புவதே இல்லை. 1967 நவம்பரில் நாமும் 5.95க்கு இறக்கியதும் அது 1.26 ஆயிற்று.

இந்த எண்கள் நம் மக்களின் வாழ்க்கையோடு முட்டுவது சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. போகிறவர்கள் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் உட்படச் சொத்தைக் கொண்டுபோகலாம். ஆனால் நாணயக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே. ஒரு குடும்பத்துக்கு விதிக்கும் உச்ச வரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை என்று இலங்கை அரசு ஒப்புக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பத்துக்கு இப்படி ஒரு வரம்பு! அந்த 4,000, அதிகாரபூர்வ விகிதத்தில் 1967 நடுப்பகுதியில் சுமார் 6,300 இந்திய ரூபா. 1970இல் சுமார் 5,040. 1977 நவம்பரில் புதிய அரசு ரூபாவை மிதக்கவிட்டு டொலருக்கு 16 என்று தொடங்கியது. அதன்பின் 1978இல் கணக்குப் பார்த்தால் 2,100 அளவே தேறும். இந்தியாவுக்குப் போகிறவர்களை அழுகையோடு ஏற்றிச் சென்ற ஒப்பாரிக் கோச்சியில் எந்த ஆண்டு ஏறினார்கள் என்பது அந்தப் பக்கம் கையில் மிஞ்சுவதையும் தீர்மானித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1968 மே முதல் 1977 வரை இலங்கையில் இரண்டு விகிதங்கள் ஓடின. அத்தியாவசியம் அல்லாதவை என்று வகுக்கப்பட்ட கொடுப்பனவுகளுக்கு, உரித்துச் சான்றிதழ் என்ற பெயரில் மேலதிகமாக முதலில் 44 வீதம், பிறகு 55, 1972இலிருந்து 65 வீதம் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே அக்காலத்துக்கு நான் புத்தக விகிதத்தை மட்டும் நம்புவதில்லை. இந்தியா போனவர்களின் குடும்ப அட்டையோடு வங்கிச் சீட்டு இருந்தால், அதில் எழுதிய தொகைதான் உண்மை.

ஆண்டுச் சராசரியும் ஏமாற்றும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபா இரண்டரைக்குச் சற்று மேல் இருந்தது. மே மாதத்தில் நாலரையைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டில் நடந்த கொடுக்கல் வாங்கல் என்றால் மாதம் கூடப் போதாது, நாளைத் தேடுங்கள். மத்திய வங்கி இணையத்தில் விகிதம் நாள்வாரியாகக் கிடைக்கிறது. பழைய ஆண்டுகளுக்கு அதன் ஆண்டறிக்கைகளே உதவும்.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது அது சுமார் 370 இந்திய ரூபாவுக்குச் சமம். 2022 மேயில் அதே ஆயிரம் 215 அளவுக்கு வந்தது. மரத்துக்கு மரம் போன கால்கள் நடந்த தூரம் ஒன்றுதான். அதனால் விகிதத்தைச் சொன்ன கையோடு, அந்த ஆண்டில் நாட்சம்பளம் எவ்வளவு, ஒரு கொத்து அரிசி என்ன விலை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதே பக்கத்தில் எழுதிவைக்கிறேன். கோத்தகிரிக்குப் போன உறவுக்காரர்களிடமும், அங்கே இறங்கியதும் அந்தப் பணத்தில் என்ன வாங்கினீர்கள் என்று தொலைபேசியில் கேட்கச் சொல்கிறேன். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கார்பன் எழுத்தும் மங்குகிறது. சீட்டு இருப்பவர்கள் இந்த வாரமே கைபேசியில் படம் எடுத்து, யார் பெயரில், எந்தத் தோட்டத்தில், எந்தத் தேதியில் என்ற விவரத்தோடு சேர்த்து வையுங்கள்.