அன்னதானத்துக்கு முன்னால் கணக்கு

மேல்மலையனூர்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. மாசி மயானக் கொள்ளைக்கு நீ பெரிய அளவில் அன்னதானம் போடப்போவதாக அவர்தான் சொன்னார். பந்தல், பேனர், சமையல் மாஸ்டர் எல்லாம் பேசியாகிவிட்டதாம். உன்னைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக உனக்கே எழுதுகிறேன்.

இந்த ஊர்க் கதை உனக்குத் தெரியும். பிரம்மன் தலை சிவன் கையில் ஒட்டிக்கொண்டு, பிச்சையாக விழுந்த சோற்றையெல்லாம் தானே தின்றுவிட்டது. அம்மன் சோற்றைத் தரையில் இறைத்தாள். அந்தத் தலை பசி தாங்காமல் கீழே இறங்கியது. அதனால்தான் மயானக் கொள்ளை அன்று நம் சனங்கள் நெல்லும் மல்லாட்டையும் காய்கறியும் கொண்டுவந்து சூறை விடுகிறார்கள். வாரி இறைப்பதெல்லாம் அவரவர் கொல்லையில் விளைந்தது. பக்கத்துக் கொல்லையில் பிடுங்கியதை யாரும் அம்மன் முன்னால் இறைப்பதில்லை. நீ போடப்போகும் சோறு யாருடையது? இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உன் செங்கல் சேம்பருக்குக் கல் அறுக்க வருகிறவர்களில் பலர் செஞ்சி, வளத்தி, அவலூர்பேட்டை பக்கத்து இருளர் குடும்பங்கள். கார்த்திகை, மார்கழியில், கையில் காசில்லாத நேரம் பார்த்து மேஸ்திரி வருவார். ஆஸ்பத்திரிச் செலவோ, காதுகுத்தோ, ஒழுகுகிற கூரையோ, ஏதோ ஒன்றுக்காக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று முன்பணம் கைமாறும். பொங்கல் முடிந்ததும் சட்டிபானை, குழந்தைகளோடு லாரியில் ஏறித் திருவள்ளூர் பக்கம் போனால் ஆனி வரைக்கும் அங்கேதான். பின்னிரவு மூன்று மணிக்கே எழுந்து புருஷன் மண் குழைப்பான், பெண்சாதி அச்சில் போட்டு அறுப்பாள், களத்தில் காயும் கல்லைப் பிள்ளைகள் திருப்பிப் போடும். கூலி ஜோடிக்கு, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. பிள்ளையின் வேலைக்கென்று தனியாக ஒரு காசு கிடையாது. வாரா வாரம் கொடுப்பது சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும். கணக்குப் பார்ப்பது சீசன் முடிவில். கோடை மழையில் கரைந்த கல் அவர்கள் கணக்கில் கழியும். கடைசியில், "இன்னும் இவ்வளவு பாக்கி" என்று ஒரு வார்த்தை. எழுதிக் காட்டமாட்டார்கள், காட்டினாலும் படிக்கத் தெரியாது. அந்தப் பாக்கிக்காக அடுத்த தையிலும் அதே லாரி.

இதெல்லாம் பத்திரிகையில் படித்தது இல்லை. நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று வருகைப் பதிவைப் பார்த்துத்தான் உலையில் போடுவோம். தை பிறந்தால் என் உலையில் அரிசி குறையும். எந்தத் தெருப் பிள்ளைகள் வரவில்லை என்று கேட்கவே வேண்டாம். பள்ளி திறந்து அவர்கள் திரும்பி வரும்போது ஒரு வகுப்பு மேலே உட்கார்ந்திருப்பார்கள், போன வருஷம் எழுதிய எழுத்து கையில் இருக்காது. நாலாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி, வந்த வாரம், தட்டை நீட்டினாள். மணலும் களிமண்ணும் பட்டு இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது. சாம்பார் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள், உப்பும் காரமும் எரியுமே. வெறும் சோற்றை விரல் நுனியால் எடுத்துத் தின்றாள். அவள் எந்தச் சேம்பருக்குப் போய் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. உன் களத்திலும் அந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது தெரியும்.

நீ யாரையும் அடிப்பதில்லை, பூட்டி வைப்பதில்லை. நம்புகிறேன். ஆனால் சட்டம் அதை மட்டும் பார்ப்பதில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. முன்பணத்தைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினாலோ, வேறு இடத்துக்குப் போகவிடாமல் நிறுத்தினாலோ அது கொத்தடிமைதான். அந்தக் கடனே செல்லாது. அப்படிப்பட்ட கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடன் கொடுத்தவன் தலையில்தான் விழும். டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் கடுமை: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு. நீ ஜெயிலுக்குப் போவாய் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. முறையான சம்பளத்தைக் கொடுப்பது ஏதோ தயவு என்ற நினைப்பு உன்னிடம் இருந்தால் அது போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் பக்கமும் எனக்குப் புரியும். முன்பணம் இல்லாமல் ஆள் வராது, மண் விலையும் எரிபொருள் விலையும் ஏறிவிட்டது, சென்னையில் லோடு இறக்கிக்கொண்ட பில்டர் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறான். எல்லாம் உண்மை. முன்பணம் கொடுப்பது பாவம் இல்லை, நம் ஊரில் பசிக்கிற மாதத்தில் அதுவும் ஒரு உதவிதான். ஆனால் பில்டர் உனக்குச் செய்வதை நீ கோர்ட்டில் கேட்கலாம், போனில் சத்தம் போடலாம். உன் களத்தில் இருப்பவன் யாரிடம் போய்ச் சத்தம் போடுவான்? நஷ்டத்தைத் தாங்குகிற சக்தி யாருக்கு அதிகமோ அவன் தாங்கவேண்டும். பணக்காரனுக்குக் கூடுதல் பொறுப்பு என்று நான் சொல்வது இதைத்தான். மழை வந்தால் கல் முதலாளியுடையது, கூலி தொழிலாளியுடையது.

"யார் சொத்தையும் நான் எடுக்கவில்லை, என் உழைப்பில் வந்தேன்" என்று போன தீபாவளிக்குச் சொன்னாய். உழைத்தாய், நான் பார்த்தேன். ஆனால் நீ படித்தது அரசுப் பள்ளி, சாப்பிட்டது 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, செஞ்சிக்குப் போனது இலவச பஸ் பாஸில். அந்த அரிசி வரிப்பணம். உன் சேம்பரிலிருந்து பில் இல்லாமல் ஒரு லோடு போனால், இப்போது தட்டு நீட்டுகிற பிள்ளையின் பங்கும் அதோடு போகிறது. வரியை ஒழுங்காகக் கட்டுவதும் தர்மக் கணக்கில்தான் சேரும். பேனர் கட்டமாட்டார்கள் என்பதால் நமக்கு அது தெரிவதில்லை.

நாடு முழுக்கவே செல்வம் சேர்த்தவர்களைக் கேட்கிறவர்கள் குறைவுதான். 2022-23இல் இந்தியாவின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருந்ததாக பிக்கெட்டி முதலானோர் 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வாரிசுச் சொத்து மேல் இருந்த எஸ்டேட் வரியை 1985இல் எடுத்தார்கள். செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. உன் அளவுக்கு அது பொருந்தாது. ஆக, உன்னைப் போன்ற ஊர்ப் பணக்காரனைக் கேட்க அதிகம் பேர் இல்லை. அத்தை கேட்கிறேன்.

கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். ஒரு நாள் சாப்பாட்டோடு முடியாத தானம் அது. நம் பழைய தென்னாற்காட்டிலேயே, வடலூரில், வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கியபோது பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. எனக்கு அழகப்பரைவிடப் பார்வதிபுரத்து மக்கள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறார்கள். ஊரே சேர்ந்து, உயிராக இருந்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததால். நீயும் ஒருநாள் அந்த அளவு கொடுப்பாய். முதலில் கொடுக்கவேண்டியவர்களுக்குக் கொடுத்து முடி.

எப்படி என்று கேட்பாய். குடும்பத்துக்கு ஒரு நோட்டு போடு. முன்பணம், அறுத்த கல், வாரச் செலவு எல்லாம் அதில் வாரா வாரம் ஏறட்டும், படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கு, நோட்டு அவர்களிடமே இருக்கட்டும். கூலி பெண்சாதிக்குத் தனியாக, அவள் பேரில் உள்ள பேங்க் கணக்கில் போகட்டும். ஆறு வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் களத்தில் கால் வைக்கக்கூடாது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்துச் சேர்த்துவிடு, போய்வர ஒரு வண்டி விடு. கல் ஏற்ற அத்தனை வண்டி வைத்திருக்கிறாய். பல குடும்பங்களுக்கு இன்னும் பழங்குடிச் சான்று இல்லை. அது இல்லாமல் பிள்ளைக்கு உதவித்தொகையும் கிடைக்காது, வீடும் கிடைக்காது. அதற்காகத் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருந்தால் அந்த நாள் கூலியைப் பிடிக்காதே. திண்டிவனத்தில் பேராசிரியர் கல்விமணி இருளர் மக்களுக்காகப் பல வருஷமாக உழைத்து வருகிறார். அவருடைய சங்கத்துக்காரர்களைப் போய்ப் பார். எதிரியாக நினைக்காதே, உனக்குத் தெரியாத பல வழி அவர்களுக்குத் தெரியும்.

பாக்கி என்று நிற்பவர்களின் பழைய கணக்கையும் எடு. கரைந்த கல்லைத் திருப்பிச் சேர்த்து, குறைந்தபட்சக் கூலி விகிதத்தில் கூட்டிப் பார்த்தால், அவர்கள் உனக்குத் தரவேண்டியதா, நீ அவர்களுக்குத் தரவேண்டியதா என்று தெரிந்துவிடும். அன்னதானத்துக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அதில் போடு. மிச்சம் இருந்தால் சமைக்கலாம், நானே வந்து பரிமாறுகிறேன்.

மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த வாரம் வரும்போது அந்த நோட்டுகளைக் கொண்டு வா. எத்தனையோ வருஷம் அரிசிக் கணக்கு எழுதியவள் நான், கூட்டிக் கழித்துத் தருகிறேன். மேஸ்திரியையும் அழைத்து வா. அவர் முன்னாலேயே பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை