கடல் கடந்து ஊழியத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு



அயல்நாட்டு ஊழியத்துக்கு உங்களை ஒப்புக்கொடுத்திருக்கிறீர்கள். சபையார் ஜெபித்து வழியனுப்பும் நாள் நெருங்குகிறது. மிஷனெரிகளைப் பயிற்றுவிப்பதிலேயே முதுமையை எட்டிவிட்ட நான், அதற்கு முன் சில காரியங்களை உங்களிடம் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: போகிற தேசத்தில் நீங்கள் முதலில் மாணவர், பிறகுதான் போதகர்.

1. அழைப்பைச் சபையோடு சேர்ந்து சோதித்துப் பாருங்கள்.

கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீரோடு எழுந்து நின்றது தொடக்கம் மட்டுமே. பவுலும் பர்னபாவும்கூட, அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்து அனுப்பிய பிறகே புறப்பட்டார்கள். உங்களை நன்றாக அறிந்த போதகரிடமும் மூப்பர்களிடமும் மனந்திறந்து பேசுங்கள். அவர்கள் "கொஞ்சம் பொறு" என்றால் பொறுத்திருங்கள். உள்ளூர் ஞாயிறு பள்ளியில் பொறுப்பாக இல்லாதவர் விமானம் ஏறியதும் பொறுப்பாளியாகிவிட மாட்டார்.

2. வீட்டாரின் மனதைக் கேட்காமல் பெட்டி கட்டாதீர்கள்.

வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்தார். அவர் மனைவி டாரதி முதலில் வர மறுத்து, கடைசி நேரத்தில்தான் இணங்கினார். வந்த மறு ஆண்டே மகன் பீட்டர் இறந்தான். டாரதியின் மனநிலை குலைந்தது, 1807-ல் மரிக்கும்வரை தேறவில்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளைப் போற்றுகிற நாம் அந்தத் தாயின் துயரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒருமனப்படாத வீட்டிலிருந்து யாரும் புறப்பட வேண்டாம். பிள்ளைகளின் படிப்பு எங்கே, எந்த மொழியில் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

3. வேதப் படிப்போடு கைவேலையும் பழகுங்கள்.

வேதாகமக் கல்லூரிப் பட்டம் அவசியம், ஆனால் அது போதாது. சமையல், முதலுதவி, வரவு செலவுக் கணக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். முடிந்தால் வேற்று மொழி பேசும் ஓர் இந்திய மாநிலத்தில் ஓராண்டாவது தங்கி ஊழியம் செய்துவிட்டுப் போங்கள். உடல்நலத்தை அலட்சியப்படுத்துவது விசுவாசம் ஆகாது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகுதான் அது செல்லும். மலேரியாக் கொசு அந்திமுதல் விடியும்வரை கடிக்கும். ஆகவே கொசுவலையும் பெட்டியில் இருக்கட்டும்.

4. முதல் ஆண்டுகளை மொழிக்குக் கொடுங்கள்.

சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்து, ஆசிரியர்களை வைத்துப் படித்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. நம் முன்னோர் கையில் தமிழ் வேதம் வந்ததற்கு, ஓர் அயல்நாட்டார் குழந்தைகளிடம் பாடம் கேட்கக் கூச்சப்படாததும் ஒரு காரணம்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். தினமும் சில மணி நேரத்தை மொழிக்கென்று ஒதுக்குங்கள். உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குங்கள், சந்தைக்குப் போங்கள், மரண வீட்டிலும் மண வீட்டிலும் உட்கார்ந்து காது கொடுங்கள். தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகளில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். தமிழ்க் காதுக்கு அது பழக நாளாகும். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு உடனே பிரசங்கம் செய்யும் ஆசையை அடக்குங்கள்.

5. உதவியாளர்களை அல்ல, நண்பர்களைத் தேடுங்கள்.

1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் நம் வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து பேசினார். மேற்கத்திய மிஷனெரிகள் தியாகம் செய்கிறார்கள், ஆனால் எங்களோடு சினேகமாக இருப்பதில்லை என்பதே அவருடைய முறையீடு. இன்று நாம் அனுப்பும் இடத்தில் இருக்கிறோம். அதே குறை நம்மேல் சொல்லப்படக் கூடாது. உள்ளூரார் வீட்டில் அவர்கள் தருவதைச் சாப்பிடுங்கள். அவர்களிடம் உதவி பெற்றுக்கொள்ளுங்கள், ஆலோசனை கேளுங்கள். சாதிப் பெருமையோ நிறப் பெருமையோ உள்ளே ஒட்டியிருந்தால் புறப்படுமுன்னே விட்டொழியுங்கள்.

6. சட்டத்திலும் பணத்திலும் சுத்தமாக இருங்கள்.

சுற்றுலா விசாவில் போய் ஊழியம் நடத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் பிடிபட்டால் ஊருக்குத் திரும்பிவிடலாம், உங்களை நம்பிய உள்ளூர் விசுவாசிகள் எங்கே போவார்கள்? அரிசியையும் மருந்தையும் பள்ளிக் கட்டணத்தையும் ஞானஸ்நானத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். ஏழைக்கு உதவுங்கள், அவன் கிறிஸ்துவை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் உதவுங்கள். ஒவ்வொரு காணிக்கைக்கும் கணக்கு எழுதி, அனுப்பிய சபைக்குக் காட்டுங்கள்.

7. ஜெபக் கடிதத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள்.

காணிக்கை கூடும் என்பதற்காக ஒரு ஜனத்தை இருளும் அழுக்கும் மட்டுமே உள்ளதாகச் சித்திரிப்பது பாவம். கேட்காமல் குழந்தைகளைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். அந்த ஊர்க்காரர் படித்தால் வருந்தாத கடிதத்தையே அனுப்புங்கள்.

8. பலன் தாமதித்தால் கலங்காதீர்கள்.

அதோனிராம் ஜட்சன் 1813-ல் ரங்கூன் சேர்ந்தார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். பிறகு போர் வந்தது, சிறை வந்தது, மனைவி ஆன் மரித்தார். இருந்தும் 1834-ல் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தார். உடல் தளர்ந்து திரும்ப நேர்ந்தாலும் அதோடு அழைப்பு முடிந்துவிடாது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1893-ல் முதலில் போனது ஜப்பானுக்கு. உடல்நலம் கெட்டு அங்கிருந்து விலகியவர், பிறகு நம் தோனாவூரில் 1951-ல் மரிக்கும்வரை ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். சோர்வு வந்தால் மறைக்காதீர்கள். மூத்த ஊழியர் ஒருவரிடம் சொல்லுங்கள், ஓய்வெடுங்கள், வேண்டுமானால் மருத்துவரைப் பாருங்கள்.

9. முதல் நாளிலிருந்தே ஒப்படைக்க ஆயத்தமாகுங்கள்.

தரங்கம்பாடி மிஷன் ஆரோன் என்ற தமிழரைப் போதகராக அபிஷேகம் செய்தது 1733-ல். சீகன்பால்க் வந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். பிரசங்கம், கணக்கு, தீர்மானம் எல்லாவற்றிலும் உள்ளூராரை உட்கார வையுங்கள், பிறகு நீங்கள் பின்வரிசைக்குப் போங்கள். அவர்கள் தங்கள் ராகத்தில் பாடட்டும், தங்கள் முறையில் ஆராதிக்கட்டும். நம் ஊர் ஆலயத்தின் நகலை அங்கே கட்ட வேண்டியதில்லை. நீங்கள் இல்லாமல் நிற்கிற சபையே நீங்கள் செய்த ஊழியத்துக்குச் சாட்சி.

பிள்ளைகளே, கற்பிக்க ஆசைப்படுகிறவர் நம்மில் ஏராளம், கற்றுக்கொள்ளப் போகிறவர்தான் குறைவு. அந்த மனம் உங்களுக்கு இருக்கிறதா என்று இன்றிரவு முழங்காலில் நின்று உங்களையே கேளுங்கள். இருந்தால் தைரியமாகப் போங்கள், நாங்கள் ஜெபத்தில் தாங்குவோம். இல்லாவிட்டால் இன்னும் ஓராண்டு இங்கே இருந்து ஆயத்தப்பட்டு, அதன் பிறகு புறப்படுங்கள்.