வார்ப் லேபிளின் மெட்டுகளைப் பரிந்துரைப்பது எப்படி?

மின்னணு இசை என்றாலே இரவு விடுதியும் நெஞ்சில் மோதும் தாளமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த இசைக்குள்ளேயே மெட்டை முன்னிறுத்தும் அருமையான ஒரு மரபு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்தின் சுயேச்சை லேபிளான வார்ப் ரெக்கார்ட்ஸைப் போல வேறொன்று எனக்குத் தெரியவில்லை. பிடித்த இசையை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதவர்களுக்காக, இந்த லேபிளை எப்படி அறிமுகப்படுத்தலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் லேபிளின் போக்கை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். 1989-இல் ஷெஃபீல்ட் நகரில் ஓர் இசைத்தட்டுக் கடையை நடத்திவந்த ஸ்டீவ் பெக்கெட், ராப் மிட்செல் இருவரும் தயாரிப்பாளர் ராபர்ட் கார்டனுடன் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். முதல் வெளியீட்டின் குழுப் பெயர் ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ். அந்த ஊர் எஃகு ஆலை ஒன்றின் பெயர் அது. ஆரம்பத் தட்டுகளெல்லாம் ஆடுவதற்கானவை, அடிவயிற்றை அதிரவைக்கும் பேஸ் கொண்டவை. 1992-இல் வந்த 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' தொகுப்பு திசையை மாற்றியது. அதன் அட்டையில் ஒரு ரோபோ சாய்வு நாற்காலியில் கிறங்கிக் கிடக்கும். பக்கத்தில் பிங்க் ஃப்ளாய்ட், கிராஃப்ட்வெர்க் ஆல்பங்கள் இறைந்திருக்கும். ஆட வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள் என்று அந்தப் படமே சொல்லிவிடுகிறது. நாம் பரிந்துரைக்கப்போகும் இசையெல்லாம் இந்தத் திருப்பத்துக்குப் பின் வந்தவை.

அடுத்தது, யாருக்குச் சொல்கிறோமோ அவரிடம் பேசுவது. இரண்டு கேள்விகள் போதும். எப்போது பாட்டுக் கேட்பீர்கள்? குரல் இல்லாத இசையைக் கேட்டு ரசித்தது உண்டா? இரண்டாவது கேள்வி மிக முக்கியம். சினிமாப் பாட்டோடு வளர்ந்த நமக்கு வரிகள் வழியாகவே மெட்டு மனதில் தங்குகிறது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' போன்ற ஆல்பத்தை விரும்பிக் கேட்பவர் என்றால் வழி சுலபம். குரல் இல்லாவிட்டால் கை வேறு பாட்டுக்குத் தாவிவிடும் என்பவருக்கு, பிளெய்ட் இரட்டையரின் 'நாட் ஃபார் த்ரீஸ்' (1997) ஆல்பத்தில் பியோர்க் பாடியிருக்கும் 'லிலித்' நல்ல தொடக்கம். கிதார் பிரியர் என்றால் பிபியோவின் 'லவ்வர்ஸ் கார்விங்ஸ்'.

பரிந்துரைக்கும்போது கலைஞர் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டிராக்கின் பெயரைச் சொல்லுங்கள். இந்த லேபிளைப் பொறுத்தவரை இதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். "ஏஃபெக்ஸ் ட்வின் கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னால், தேடுகிறவருக்கு முதலில் 'கம் டு டாடி' கிடைக்கலாம். அலறலும் உறுமலுமாய் இருக்கும் அதைக் கேட்டுப் பயந்தவர் மறுபடி இந்தப் பக்கம் வரமாட்டார். அதே மனிதர்தான் 2001-இல் வந்த 'டிரக்ஸ்' ஆல்பத்தில் 'அவ்ரில் 14த்' என்ற இரண்டு நிமிடப் பியானோ மெட்டைத் தந்தார். கணினி இயக்கும் பியானோவில் பதிவானது அது. கட்டைகள் அசையும் சத்தம்கூட உள்ளே மெல்லக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு எனக்கு மின்னணு இசையே பிடிக்காது என்று சொல்வது கஷ்டம்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றை அனுப்பச் சொன்னால் நான் அனுப்புவது போர்ட்ஸ் ஆஃப் கனடாவின் 'ராய்ஜிபிவ்'. மைக் சாண்டிசன், மார்கஸ் இயோன் என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்களின் குழு இது. கனடா அரசின் ஆவணப்பட நிறுவனம் எடுத்த படங்களின் மேல் உள்ள பிரியத்தில் வைத்த பெயர். 1998-இல் வந்த 'மியூசிக் ஹாஸ் த ரைட் டு சில்ட்ரன்' ஆல்பத்தில் உள்ள இந்த டிராக் இரண்டரை நிமிடம்தான். கனத்த பேஸ் மெட்டு ஒன்று முதலில் தனியாக நடக்கும். பிறகு தாளம் சேரும், மேலே இன்னொரு மெட்டு மிதக்கும், போதும் என்று தோன்றுவதற்கு முன்பே முடிந்துவிடும். சுருதி லேசாகத் தள்ளாடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய டேப் தேய்ந்து ஓடுகிற அந்த உணர்வை அவர்கள் வேண்டுமென்றே உருவாக்கியிருக்கிறார்கள். தெரியாதவர்கள் ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கக்கூடும்.

கூடவே என்ன எழுதி அனுப்புவது? இரண்டு வரி. "ஐடிஎம்", "ஆம்பியன்ட்" என்ற வகைப் பெயர்கள் தெரியாதவருக்கு எதையும் சொல்லாது. "ராத்திரி லைட்டை அணைச்சிட்டு கேளுங்க, பேஸ்லதான் மெட்டு இருக்கு" என்றால் காதுக்கு ஒரு பிடி கிடைக்கும். ஹெட்ஃபோன் கட்டாயம் என்று சேர்த்து எழுதுங்கள். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஸ்வரங்கள் வராது. 'ராய்ஜிபிவ்' அங்கே பாதிதான். ஒரு நேரத்தில் ஒரே டிராக். முப்பது பாட்டுள்ள பிளேலிஸ்டை யாரும் முழுசாகக் கேட்பதில்லை. காட்சி இருந்தால்தான் மனம் ஒன்றும் என்பவருக்கு போர்ட்ஸ் ஆஃப் கனடாவின் 'டேவன் கவ்பாய்' வீடியோவை அனுப்பலாம். 1960-இல் ஜோசப் கிட்டிங்கர் பலூனிலிருந்து சுமார் 31 கிலோமீட்டர் உயரத்தில் குதித்த காட்சி அதில் இருக்கிறது. அவர் விழத் தொடங்கியபின் இசை விரியும் இடத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் மூச்சு நின்றுதான் வருகிறது.

பதில் வரும்வரை காத்திருங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள், வாதாட வேண்டாம். தாளம் உறுத்தியிருந்தால், தாளமே பெரிதாக இல்லாத, ஏஃபெக்ஸ் ட்வினின் 'செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் வால்யூம் 2' (1994) பக்கம் திருப்பலாம். மந்தமாக இருக்கிறது என்றால் பிளெய்டின் 'ஐயன்'. அதன் துள்ளல் அபாரம்.

பிடித்துவிட்டது என்றால் உடனே ஆல்பத்தைத் தூக்கிக் கொடுக்காமல், நடுவில் ஒரு படி வையுங்கள். போர்ட்ஸ் ஆஃப் கனடா 2000-இல் வெளியிட்ட 'இன் எ பியூட்டிஃபுல் பிளேஸ் அவுட் இன் த கன்ட்ரி' நான்கே டிராக் கொண்ட சிறு வெளியீடு; ஒரு பஸ் பயணத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு 1998 ஆல்பம் முழுவதும், வரிசை மாற்றாமல். 'ஜியோகாடி' (2002) இருண்டது, பொறுத்துக் கொடுங்கள். ஆட்டெக்கர் குழுவை 'ஆம்பர்' (1994) வழியாகவே அறிமுகப்படுத்துங்கள். அவர்களுடைய 'கன்ஃபீல்ட்' (2001) பிடிவாதமான கணக்குகளால் ஆன இசை. கேட்பவர் தானாக அதைத் தேடி வரட்டும்.

ஒருவருக்கு ஓர் ஆல்பம் மனதோடு ஒட்டிவிட்டது என்று தெரிந்தால், விலை கொடுத்து வாங்கும் வழியையும் சொல்லிவிடுங்கள். வார்ப் 2004-இல் தொடங்கிய பிளீப் என்ற இணையக் கடையில் பூட்டு எதுவும் இல்லாத ஃபைலாகவே ஆரம்பம் முதல் விற்கிறார்கள். வாங்கினால் அது நம்முடையது, எந்தக் கருவியிலும் ஓடும். பேண்ட்கேம்ப் தளத்திலும் இந்தக் கலைஞர்களில் பலருடைய ஆல்பங்கள் உண்டு. ஒரு தட்டு விற்ற காசில் அடுத்த தட்டை அச்சிட்டு வளர்ந்த லேபிள் இது. பிறந்தநாள் வருகிற நண்பர் இருந்தால், அந்த 1998 ஆல்பத்தை நீங்களே வாங்கி அனுப்பிவிடலாம்.